மரத்துப்போன பாதத்துக்குக் கம்பளி என்ன செய்யும்?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு கோத்தகிரியில். மார்கழி, தை மாதங்களில் காலையில் எழுந்து தரையில் கால் வைக்க முடியாது, அப்படிச் சில்லிட்டுக் கிடக்கும். போன வருஷத்துக்கு முந்தின குளிரில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார். நல்ல குங்குமச் சிவப்பு. அம்மா ஆசையாகப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கழற்றவே இல்லை. ராத்திரி படுக்கும்போது கழற்றிப் பார்த்தால், வலது சுண்டுவிரலின் மேல் பாசிப்பயறு அளவுக்கு ஒரு பள்ளம். அதைச் சுற்றித் தோல் கன்றியிருந்தது. காலுறையை உள்பக்கம் திருப்பினேன். நூலை முடித்த இடத்தில் ஒரு முடிச்சு.

"இந்த முடிச்சு வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"முடிச்சா? எந்த முடிச்சு?" என்றார்.

அந்தப் பள்ளம் இரண்டு நாளில் மறைந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து கம்பளியையும் சர்க்கரை நோயாளியின் காலையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், மருத்துவரிடமும் பாதப் பராமரிப்பு நர்ஸிடமும் நச்சரித்துக் கேட்டேன். கம்பளி நல்லது, அதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அது புண்ணை ஆற்றும் மருந்து அல்ல. சர்க்கரையைக் குறைக்காது, செத்த நரம்பை எழுப்பாது. தோலுக்கும் செருப்புக்கும் நடுவில், தோலுக்கும் படுக்கைக்கும் நடுவில் இருந்துகொண்டு சில வேலைகளைச் செய்கிறது. எந்த வேலை, எப்படி என்று தெரிந்துகொண்டு வாங்கினால்தான் பயன். இல்லாவிட்டால் அத்தையின் முடிச்சு மாதிரி அதுவே காயத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதலில் பாதத்தைப் பார்ப்போம்

ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் அதிகமாகவே இருந்தால் நரம்புகள் கெடும். மிக நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும், அதனால் தொல்லை கால்விரல்களில் தொடங்குகிறது. தொடு உணர்வு, வலி, சூடு ஆகியவற்றைச் சொல்லும் நரம்புகள் மங்கும்போது கால் மரத்துப்போகிறது. சிலருக்கு எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கும்; சிலருக்கு ஒன்றுமே இருக்காது. ஒன்றுமே இல்லாததுதான் ஆபத்து, ஏனென்றால் கால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

வியர்வையை நடத்தும் நரம்புகளும் கூடவே கெடும். வியர்வை குறைந்தால் பாதம் காய்ந்து, செதில் செதிலாக உரிந்து, குதிகாலில் பித்தவெடிப்பு வரும். வெடிப்பு ஆழமானால் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும். பாதத்துக்குள் இருக்கும் சிறிய தசைகளுக்குப் போகும் நரம்புகள் தளர்ந்தால், விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துகொள்ளும். விரல் மூட்டு மேலே தூக்கிக்கொண்டு செருப்பில் உரசும், முன்பாதத்தின் எலும்பு முனைகள் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். நடக்கும்போது உடம்பின் எடை முழுக்க அந்தச் சின்ன இடங்களில் இறங்கும். அங்கேதான் காய்ப்பு விழும், காய்ப்புக்கு அடியில் புண் உண்டாகும்.

இதோடு காலுக்குப் போகும் ரத்தக்குழாய்களும் அடைபட்டிருந்தால், ஒரு சின்னக் கீறல்கூட ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. மருத்துவர் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவார். அந்த இழை வளைய 10 கிராம் அழுத்தம் தேவை. கண்ணை மூடிக்கொண்டு "தெரிகிறது, தெரியவில்லை" என்று சொன்னால் போதும். இரண்டு நிமிஷ வேலை. சர்க்கரை நோய் உள்ள எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும். அம்மாவுக்குச் செய்தபோது வலது காலில் பெருவிரலையும் குதிகாலையும் தவிர வேறெங்கும் அவர் "தெரிகிறது" என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இழை வளைவது என் கண்ணுக்குத் தெரிகிறது, அவர் பேசாமல் இருக்கிறார்.

வேலூரில் புரிந்துகொண்டது

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்றே எல்லோரும் நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. பிராண்ட் பக்கத்தில் இருந்து கவனித்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் அவர்கள் சூடான பாத்திரத்தைப் பிடித்தார்கள், ஆணி குத்திய காலோடு நடந்தார்கள், ஒரே இடத்தில் எடை இறங்க இறங்க மணிக்கணக்கில் அடி எடுத்து வைத்தார்கள். நம்மைப் போன்றவர்கள் அப்படி நடக்க மாட்டோம். ஓர் இடம் லேசாக நோக ஆரம்பித்தாலே, நமக்கே தெரியாமல் எடையை இன்னொரு பக்கம் மாற்றிவிடுவோம். வலி தெரியாத கால் அப்படி மாற்றாது. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்தம் விழும். அந்த இடம் முதலில் சூடாகும், பிறகு சிவக்கும், அதற்கும் பிறகுதான் புண்.

1960-களின் நடுவில் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றது சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் அப்படியே பொருந்தும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். இன்று நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறதே, சின்னச் சின்னக் காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் தட்டு வைத்தது, அதுவும் தொழுநோயாளிகளுக்காக வந்த செருப்பின் வழியில் வந்ததுதான்.

கம்பளியைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் கால் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தம், உராய்வு, ஈரம், சூடு, வறட்சி. இந்த ஐந்தில் எதற்குக் கம்பளி உதவும், எதற்கு உதவாது என்பதுதான் கேள்வி.

கம்பளி இழை எப்படி வேலை செய்கிறது

ஆட்டு ரோமம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் முடியும் நகமும் அதேதான். இழையின் மேல், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இழை நேராக இருக்காது, சுருள்சுருளாக இருக்கும். இந்த இரண்டும்தான் கம்பளியின் குணத்துக்கெல்லாம் அடிப்படை.

சுருள் இருப்பதால் இழைகளுக்கு நடுவில் காற்று தங்குகிறது. காற்று சூட்டை எளிதில் கடத்தாது, அதனால் உடம்பின் சூடு வெளியே போகாமல் நிற்கிறது. அதே சுருள் சின்னச் சின்ன ஸ்பிரிங் போலவும் வேலை செய்யும். அழுத்தினால் அமுங்கும், விட்டால் மறுபடி எழும்பும். பருத்திக் காலுறை சில மணி நேரத்தில் கால் வடிவத்துக்குத் தட்டையாகிவிடும். நல்ல கம்பளி அவ்வளவு சீக்கிரம் தட்டையாகாது.

ஈரம்தான் இதில் சுவாரசியமான பகுதி. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. பருத்தியும் ஈரத்தை வாங்கும், ஆனால் சீக்கிரமே சொதசொதவென்று ஆகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் கிட்டத்தட்ட வாங்கவே வாங்காது. ஈரமான தோல் ஊறி மெத்தென்று ஆகிவிடும். அந்த நிலையில் லேசாக உரசினாலும் கொப்புளம் போடும். விரலிடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைக்கும் காலுறைக்கு இதனால்தான் மதிப்பு.

இன்னொரு விஷயம் இழையின் பருமன். மெரினோ என்ற செம்மறி ஆட்டினத்தின் ரோமம் பொதுவாக 24 மைக்ரானுக்கும் குறைவு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு. 30 மைக்ரானைத் தாண்டிய இழைகளின் நுனி வளையாமல் தோலில் குத்தும். "எனக்குக் கம்பளி ஒத்துக்காது, அரிக்கும்" என்று பலர் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் அது ஒவ்வாமை அல்ல, முரட்டு இழை குத்துவது. ஊரில் கிடைக்கும் கறுப்புக் கம்பளியைப் போர்த்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அது குளிருக்கு அருமையானது, ஆனால் மரத்த காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

ஏன் என்றால், குத்துகிறதா என்று அந்தக் கால் சொல்லாது. காலுறை வாங்கும்போது காலில் போட்டுப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், இல்லையென்றால் முழங்கையின் உள்பக்கம். அங்கே உறுத்தினால் வாங்க வேண்டாம்.

நல்ல ரோமம் நம் மலைகளிலும் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆடு என்ற இனத்தைக் காப்பாற்றி வருகிறார்கள், அதன் ரோமம் மென்மையானது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் உண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் மெல்லிய காலுறைகளில் பெரும்பாலும் வெளிநாட்டு மெரினோதான்.

காலுறை வாங்கும்போது

நூறு சதவீதக் கம்பளி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தனிக் கம்பளி குதிகாலில் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும், ஓட்டையின் விளிம்பு சுருண்டு காலை அழுத்தும். பாதிக்கு மேல் மெரினோ, மீதி நைலான், கொஞ்சம் எலாஸ்டிக் என்று இருப்பது நடைமுறைக்கு நல்லது.

கையை உள்ளே விட்டு விரல் பகுதி முழுக்கத் தடவிப் பாருங்கள். தையல் மேடாகத் தட்டுப்படக் கூடாது. தையல் இல்லாத காலுறை கிடைக்காவிட்டால், இருப்பதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. அத்தைக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் அப்புறம் பின்னிய ஜோடியில் முடிச்சுகள் எல்லாம் வெளிப்பக்கம் வந்துவிட்டன. நூலும் வெள்ளை.

வெள்ளை கேட்டதற்குக் காரணம் உண்டு. சிவப்புக் காலுறையில் ரத்தம் பட்டால் தெரியாது. கறுப்பிலும் கருநீலத்திலும் கறை எளிதில் தெரியாது. வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் ஒரு சொட்டு பட்டாலும் கழற்றும்போதே கண்ணில் படும். வலி சொல்லாததைக் கறை சொல்லும்.

மேல்விளிம்பில் எலாஸ்டிக் இறுக்கமாக இருக்கக் கூடாது. கழற்றிய பிறகு கணுக்காலுக்கு மேல் ஆழமான கோடு விழுந்து, அது வெகுநேரம் மறையாமல் இருந்தால் அந்தக் காலுறை வேண்டாம். வீக்கத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அழுத்தக் காலுறை வேறு, இது வேறு. ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் அழுத்தக் காலுறையைத் தாங்களாக வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

ஆசையாகத் தடிமனான கம்பளிக் காலுறை வாங்கிப் பழைய ஷூவுக்குள் திணித்துக்கொள்வதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஷூ முன்பே அளவாக இருந்திருக்கும். இப்போது உள்ளே இடமில்லை, விரல்கள் நெருக்குண்டு கிடக்கும். மெத்தென்று இருக்கட்டும் என்று போட்டதே அழுத்தத்தைக் கூட்டிவிடும். தடித்த காலுறை போடுவதென்றால், அதைப் போட்டுக்கொண்டே, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய் ஷூ வாங்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும்.

தடித்த காலுறை அழுத்தத்தைக் குறைக்கும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. 1989-ல் வெளியான மான்செஸ்டர் ஆய்வு ஒன்றில், நரம்பு பாதித்த சர்க்கரை நோயாளிகளுக்கு மெத்தை வைத்துப் பின்னிய காலுறைகளைப் போட்டு உள்ளங்கால் அழுத்தத்தை அளந்தார்கள். வெறுங்காலோடு ஒப்பிட்டால் உச்ச அழுத்தம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே உதவியது பின்னலின் தடிமன், கம்பளி என்ற பெயர் அல்ல. ஆகவே மெல்லிய கம்பளிக் காலுறை வாங்கிவிட்டு அது பாதத்தை மெத்தை போலத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது ஈரத்துக்கும் உராய்வுக்கும் உதவும். அழுத்தத்தைக் குறைக்கும் முதன்மையான வேலை செருப்புடையது.

படுக்கையில் ஆட்டுத்தோல்

பக்கவாதம் வந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ படுத்துவிட்ட சர்க்கரை நோயாளிக்குக் குதிகால்தான் முதல் கவலை. மல்லாந்து படுத்தால் காலின் எடை முழுக்கக் குதிகாலின் சின்ன வட்டத்தில் நிற்கும். அங்கே சதை குறைவு, எலும்புக்கு மேல் தோல்தான். ஓரிரு நாளிலேயே படுக்கைப்புண் தொடங்கிவிடலாம்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் மருத்துவ ஆட்டுத்தோல் என்று ஒன்று உண்டு. தோலோடு சேர்ந்த ரோமம், நல்ல அடர்த்தியாக, ஓர் அங்குல உயரத்துக்கு. சாதாரண ஆட்டுத்தோல் வெந்நீரில் போட்டால் சுருங்கி விறைத்துவிடும். இதை மருத்துவமனைச் சலவைக்கும் சிறுநீர் பட்டாலும் தாங்கும்படி பதனிட்டிருப்பார்கள். நோயாளி அசையும்போது ரோமம் கூடவே சாய்ந்துகொடுக்கும், அதனால் தோல் இழுபடுவது குறையும். வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

மெல்போர்னில் ஒரு மருத்துவமனையில் 441 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிச் செய்த சோதனை 2004-ல் வெளியானது. ஆட்டுத்தோல் விரித்த பிரிவில் 9.6 சதவீதத்தினருக்குப் படுக்கைப்புண் வந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவில் 16.6 சதவீதத்தினருக்கு. அவர்கள் பல வகை நோயாளிகள், சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துச் செய்ததல்ல. ஆனாலும் நடந்தது உண்மையான கம்பளியில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டுத்தோல் என்ற பெயரில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு மலிவாக விற்கிறது. அது மெத்தென்றிருக்கும், சாய்ந்துகொடுக்கும் ரோமமும் கிடையாது, ஈரத்தையும் வாங்காது.

ஆட்டுத்தோல் விரித்துவிட்டோம் என்று நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதை விட்டுவிடக் கூடாது. குதிகால் விஷயத்தில் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது: கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் காற்றில் நிற்கும்படி செய்வது. கீழே ஒரு விரலை நுழைத்துப் பார்த்தால் தடையில்லாமல் போக வேண்டும். காசே வேண்டாம்.

ஃபெல்ட், விரலிடுக்குப் பஞ்சு, லனோலின்

கம்பளியை ஈரமும் சோப்பும் போட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கெட்டியான தகடாகிவிடும். அதுதான் ஃபெல்ட். பாத மருத்துவர்கள் இதில் ஒரு துண்டை வெட்டி, புண் அல்லது காய்ப்பு உள்ள இடத்தில் ஓட்டை விட்டு, சுற்றிலும் ஒட்டுவார்கள். எடை சுற்றுப்புறத்துக்குப் போய் நடு இடம் தப்பிக்கும். வேறு நல்ல வழி இல்லாதபோது இது உதவும். ஆனால் சில நாளில் அமுங்கிவிடும், மாற்ற வேண்டும், விளிம்பு தவறாக விழுந்தால் அங்கே புதுப் புண். வீட்டில் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலிருக்கும் அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும், வலி தெரியாத காலில் அது எவ்வளவு ஆழம் போனது என்றும் தெரியாது.

ஒன்றின்மேல் ஒன்று ஏறிய விரல்களுக்கு நடுவில் கழுவிய மென்ரோமம் ஒரு சிட்டிகை வைப்பதுண்டு. தளர்வாக வைக்க வேண்டும், தினமும் மாற்ற வேண்டும், விரலைச் சுற்றிக் கட்டவே கூடாது. இறுகிப்போனால் விரலுக்கு ரத்தம் நின்றுவிடும்.

ரோமத்தைக் கழுவும்போது வரும் மெழுகுதான் லனோலின். பல தோல் கிரீம்களில் சேர்ப்பார்கள். அது தோலுக்கு மேல் படிந்து உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுக்கும். காலைக் கழுவித் துடைத்த உடனே, தோலில் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போது பாதத்தின் மேலும் கீழும் தடவினால் வெடிப்பு குறையும். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தேங்கும். சிலருக்கு லனோலின் ஒவ்வாது. அரிப்போ சிவப்போ வந்தால் நிறுத்திவிட வேண்டும். யூரியா கலந்த கிரீமும் பித்தவெடிப்புக்கு நன்றாக வேலை செய்யும், அம்மாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது அதுதான்.

குளிரும் நெருப்பும்

எங்கள் ஊரில் கம்பளியின் மிகப் பெரிய உபயோகம் எது என்று கேட்டால், ஈரமும் உராய்வும் எல்லாம் அப்புறம் என்பேன். கணப்புச் சட்டியிலிருந்து காலைக் காப்பாற்றுவது. குளிரில் கால் சில்லிட்டால் வயதானவர்கள் கரிக் கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலை ஊற வைப்பார்கள். உணர்வுள்ள காலென்றால் சுட்டவுடன் இழுத்துக்கொள்வோம். மரத்த கால் அங்கேயே இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் கொப்புளம், அதுவும் மிகப் பெரியது.

கம்பளி வெளியிலிருந்து சூட்டைக் கொடுப்பதில்லை, உடம்பின் சூட்டைத்தான் நிறுத்தி வைக்கிறது. அதனால் அது காலைச் சுடவே சுடாது. படுக்கப் போவதற்கு முன் தளர்வான கம்பளிக் காலுறை, தரையில் நடக்க மூடிய செருப்பு, அவ்வளவு போதும். வெறும் காலுறையோடு வழுவழுப்பான தரையில் நடந்தால் வழுக்கும். கம்பளி போட்டுக்கொண்டு கணப்புக்குப் பக்கத்தில் உட்காரலாமா என்றால், கூடாது. கம்பளி நைலானைப் போல உருகித் தோலில் ஒட்டாது என்பது உண்மை, ஆனால் சூடு உள்ளே போகும், கால் சொல்லாது. எப்போதுமே சில்லென்று, நிறம் மாறி, நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும் காலாக இருந்தால், அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்குக் காலுறை தேடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு? சித்திரை வெயிலில் கம்பளி வாங்க ஓட வேண்டாம். தடித்த காலுறை காலை வேக வைத்துவிடும், விரலிடுக்கு ஊறிப்போகும். பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பும், ஷூ போட வேண்டியவர்களுக்கு மெல்லிய, வெளிர்நிறக் காலுறையும் போதும். அது மெல்லிய மெரினோவாக இருந்தால் நல்லது, பருத்தியாக இருந்தால் மதியம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். கம்பளி சமவெளியில் ஓர் இடத்தில் கைகொடுக்கும்: ஏசி போட்ட பேருந்தில், ரயிலில், ராத்திரிப் பயணத்தில். கோயில் பிரகாரத்துக் கல்தரையைத் தடித்த காலுறையோடு கடந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்தக் கல் காலுறையைத் தாண்டிச் சுடும். விடியற்காலையில் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதே நல்லது.

துவைப்பது

அம்மாவின் முதல் நல்ல மெரினோ ஜோடியை நான் வெந்நீரில் போட்டுத் தேய்த்துத் துவைத்தேன். காய்ந்தபோது அது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் காலுறை போலச் சுருங்கியிருந்தது. மேலே சொன்ன செதில்கள்தான் காரணம்: சூடும் அலசலும் பட்டால் மாட்டிக்கொள்ளும், பிறகு விடாது. சாதாரண ஆளுக்கு இது காசு நஷ்டம். சர்க்கரை நோயாளிக்கு அது விரல்களை நெருக்கும் இறுக்கமான உறை. சுருங்கிய காலுறையை "இழுத்தால் சரியாகிவிடும்" என்று மறுபடி போடக் கூடாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு அல்லது கொஞ்சம் ஷாம்பூ, உள்பக்கம் திருப்பி அமுக்கி எடுத்தால் போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாக விரித்துக் காய வைக்கலாம். கம்பளி சீக்கிரம் நாற்றமடிக்காது என்பதற்காக நாலு நாள் போட வேண்டாம். தினம் ஒரு ஜோடி மாற்றவேண்டும். கோடைக்கு எடுத்து வைக்கும்போது பூச்சி அரிக்கும், ஆகவே துவைத்துக் காய வைத்து இறுக்கமான பையில் வைக்க வேண்டும். மறுபடி எடுக்கும்போது ஓட்டை இருக்கிறதா, உள்ளே ஏதும் முரடு தட்டுகிறதா என்று கையை விட்டுப் பார்ப்பது அவசியம்.

கழற்றிய பிறகு

தினமும் காலுறையைக் கழற்றியதும் முதலில் காலுறையைப் பாருங்கள், பிறகு காலைப் பாருங்கள். கறை, ஈரத் திட்டு, ஒட்டிய தோல். அடுத்து விரலிடுக்குகள், குதிகால், முன்பாதம். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், கண் மங்கியவர்களுக்கு வீட்டில் யாராவது பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரை மணிச் செய்தி ஓடும்போது நான் பார்க்கிறேன். புறங்கையால் இரண்டு பாதங்களையும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்ப்பேன். ஒரு கால் மற்றதைவிட ஒரே இடத்தில் சூடாக இருந்தால் உள்ளே அழற்சி தொடங்கியிருக்கலாம். வெப்பமானி வைத்து அளப்பவர்கள் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் எச்சரிக்கையாகிறார்கள். கம்பளி கழற்றிய உடனே தொட்டால் இரண்டுமே சூடாகத்தான் இருக்கும், ஐந்து பத்து நிமிஷம் காற்றாட விட்டுவிட்டுத் தொட வேண்டும்.

கொப்புளம், தோல் உரிந்த இடம், காய்ப்புக்கு அடியில் கறுப்பு அல்லது ரத்தத் திட்டு, நகத்தைச் சுற்றி வீக்கம், சீழ், துர்நாற்றம், திடீரென்று ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாவது: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். திறந்த புண் மேல் நேராகக் கம்பளி படக் கூடாது, இழை உள்ளே ஒட்டும். சுத்தமான துணிக்கட்டு போட்டுக்கொண்டு, அந்தக் காலை ஊன்றாமல் போங்கள். போகும்போது அந்த வாரம் போட்ட காலுறையையும் செருப்பையும் துவைக்காமல் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள். புண் எங்கே இருக்கிறது என்று காலைப் பார்த்தால் தெரியும். எதனால் வந்தது என்பது பல நேரம் அந்தப் பையில்தான் இருக்கும்.